நஞ்சப்பன் வீட்டுப் பானை ஸ்பீக்கர்

சோமனூர் நஞ்சப்பனுக்கு மூக்கு மேல் கோபம் வர இரண்டே காரணம்தான். தறியில் நூல் அறுவது ஒன்று, வீட்டிலிருக்கும் பாட்டு செட்டு இன்னொன்று. நூலை முடிச்சுப் போட்டுச் சரி பண்ணிவிடலாம். செட்டைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் மனுஷன் நொந்துபோயிருந்தார்.

மீசை முளைத்த நாளிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறவர். முதலில் கூலிக்கு ஓட்டினார். பிறகு வீட்டுச் சுவரை ஒட்டிச் சொந்தமாகவே ஒரு தறிக்குடோன் போட்டுக்கொண்டார். ஆசை என்று அவருக்கு இருந்தது பாட்டு ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் சினிமாக் கொட்டகையில் கேட்டபோது சலங்கை குலுங்கினால் தனியாகத் தெரியும், புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்க வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கையில் கொஞ்சம் மிச்சம் தங்கியதும் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். பாட்டு வந்தது, சலங்கை வரவில்லை. கம்பளிக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி இருந்தது.

கடைவீதியில் செட்டு அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிற மெஹராஜைப் பிடித்தார். மெஹராஜ் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் செய்து கொடுத்தான். அதுவும் போதவில்லை. பல்லடத்து மச்சினன் வந்து, "பெட்டியெல்லாம் ஆவாதுங்க மாமா, மண்பானைல வச்சாத்தான் சத்தம் உருண்டு வரும்" என்று ஏற்றிவிட்டுப் போனான். பானை வந்தது. உருண்டது என்னவோ உண்மைதான், ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. ஆனால் சலங்கை வந்தபாடில்லை. அதற்கென்று சன்னமான சத்தத்தை எடுத்துக்கொடுக்கும் ட்வீட்டர்களை ஒரு பலகையில் அடித்துச் சுவரில் மாட்டினார்கள். நஞ்சப்பன் அந்தச் சன்னச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசி வரைக்கும் முறுக்கி வைத்தார்.

போதாததற்குப் புதிதாக ஒரு தொல்லை. தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர் பாட்டுக் கேட்பது. அன்றைக்குப் பார்த்துச் செட்டுக்குள் 'ஊய்' என்று மெல்லியதாக ஒரு சத்தம் விடாமல் கேட்டது. மெஹராஜ் கடைக்குத் தூக்கிப் போய் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினான், ஒயரையெல்லாம் மாற்றினான். ஊய் போகவில்லை. "உன்ர கடையில வச்சா நல்லா இருக்குதுங்கறே, எங்கூட்டுக்கு வந்தா ஊயிங்குது. மட்டமான சாமானைப் போட்டு என்னைய ஏமாத்தறயா தம்பி?" என்று கடைவீதியில் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு வந்தார்.

வீட்டில் பழனியாத்தாள் வேறு. செட்டைப் போட்டதும் அவள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். "காதுல ஊசியைக் குத்தறாப்ல இருக்குதுங்க" என்பாள். நம் ஆசைக்குக் குறுக்கே நிற்பதற்கென்றே வாக்கப்பட்டு வந்திருக்கிறாள் என்று அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

கெட்ட பெயர் பொறுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஹராஜே வீடு தேடி வந்தான்.

"இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகோணுமுங்ணா" என்று சொல்லிப் பானை ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ட்வீட்டர்களை மட்டும் ஓடவிட்டான். உள்ளேயிருந்து பழனியாத்தாள் காதைப் பொத்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள். மெஹராஜும் முகத்தைச் சுளித்தான்.

"எப்டிங்ணா இருக்குது?"

"என்னத்த இருக்குது? பாட்டையே காணோம். அந்த ஊய் மட்டுந்தான் வருது."

மெஹராஜ் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

"இப்பங்ணா?"

"இப்பவும்தான் வருது, கேக்குதில்ல?" என்றார் நஞ்சப்பன் கடுப்பாக. சொன்ன பிறகுதான் அவன் கையில் தொங்கிய பிளக்கைப் பார்த்தார்.

இரண்டு காதையும் பொத்திப் பார்த்தார், அப்போதும் ஊய் நிற்கவில்லை. குடோனுக்குள் ஒருத்தருக்கொருத்தர் வாயசைவை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்த இரைச்சலில் வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்தும் அவர் அப்படியேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பழனியாத்தாள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் முணுமுணுக்கிறாள் என்று சண்டை பிடித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சோறு போட்ட தறி மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

"செட்டு மேல தப்பில்லீங்ணா" என்றான் மெஹராஜ். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான் போலிருக்கிறது. அவன் உதட்டிலிருந்து அவர் படித்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க" என்று பழனியாத்தாள் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"காட்டலாம், காட்டலாம்" என்று எரிந்து விழுந்தார். பக்கத்துத் தெரு அரங்கசாமியும் ஒருநாள் காட்டப் போனவர்தான். தறிக்காரன் காது, போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியது ஊருக்கே தெரியும்.

மெஹராஜ் ஒயர்களைத் திரும்பப் பொருத்திப் பிளக்கைச் செருகினான். நஞ்சப்பன் எழுந்து போய், கடைசி வரைக்கும் முறுக்கி வைத்திருந்த குமிழைத் தன் கையாலேயே பாதிக்குக் கொண்டுவந்து பாட்டைப் போட்டார். பழனியாத்தாள் மெல்லக் காதிலிருந்து முந்தானையை எடுத்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். செட்டு வந்த நாளிலிருந்து அவள் வீட்டு முன்கூடமான அந்த ஆசாரத்தில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டைக் கேட்டதில்லை.

நஞ்சப்பன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன வருது?"

"புல்லாங்குழலுங்க."

அவருக்கு அந்தப் பழைய கம்பளிச் சத்தம்தான் கேட்டது. மெஹராஜ் மனசு தாங்காமல் குமிழைக் கூட்டக் கை நீட்டினான். நஞ்சப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு தம்பி. அவ கேக்கட்டும்."