நனையாலீபி

வரைபட இலாகா அதிகாரி பென்ட்லி அந்தச் சிறு துறைமுகத்துக்கு வந்து கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். நனையாலீபி என்று இந்த இடத்துக்கு ஏன் பெயர் வந்தது? பள்ளிக்கூட அறையில் கூடியிருந்த பெரிய மனிதர்கள் உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். விஷயம் தெரியாதவன் கனைக்க மாட்டான், தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவான்.

போதகர் டஃபஸ் ஒரு புனிதரைக் கொண்டுவந்தார். லீபா என்ற அந்த அம்மையார் அயர்லாந்திலிருந்து கடல்மேல் நடந்தே வந்தாராம், பாதம்கூட நனையவில்லையாம். டஃபஸின் சபையில் புனிதர்களுக்கு அனுமதி கிடையாது; அன்று ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டார். வாத்தியார் மர்டோ விடுவாரா? பழைய நார்வே மொழியில் இரண்டு சொற்களைப் பிடித்து ஒட்டவைத்தார். பசை காய்வதற்குள் பென்ட்லி அதையும் எழுதிக்கொண்டார்.

இவ்வளவு நேரமும் லீபி அங்கேயேதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறவள் அவள்தான், அன்று தேநீர் ஊற்றுகிறவளும் அவள்தான். புனிதர் பட்டம் கிடைத்த கையோடு போதகரின் கோப்பையை இரண்டாம் முறை நிரப்பினாள்.

கல்துறை கட்டுவதற்கு முன்னால் அங்கே வெறும் கூழாங்கல் கரைதான். படகு ஆழத்தில் நிற்கும். பெண்கள் பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு, புருஷனை முதுகில் சுமந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் படகில் ஏற்றிவிடுவார்கள். நனைந்த காலுறையோடு இரண்டு நாள் வடகடலில் கிடந்தால் கால் விறைத்துப்போகும். தானே நடந்துபோய் ஏறுகிற ஆம்பிளை அந்த ஊரில் கிடையாது. பெண்டாட்டி சுமக்காவிட்டால் அவன் போகவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஒரு நாள் விடியலில் கடலின் இரைச்சல் லீபிக்குப் பிடிக்கவில்லை. பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு, புருஷன் எபனிடம் "நான் சுமக்க மாட்டேன்" என்று திரும்பி நின்றுவிட்டாள். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எபன், உன் குதிரை படுத்துக்கிச்சா?" என்று ஒருவன் கத்தினான். எபனின் அக்கா மெரனுக்கு மானம் போய்விட்டது. தம்பியை இழுத்துத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவந்தாள்.

சுமந்தவர்களின் பாவாடை உலர்வதற்குள் புயல் அடித்தது. படகு திரும்பவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

கரையில் கூடி அழுத பெண்கள் நடுவே மெரன்தான் முதலில் கையை நீட்டினாள். "பாருங்கடி, இவ ஒருத்தி மட்டும் நனையல." லீபி பயந்தபடியே கடல் நடந்துகொண்டதை ஊர் கணக்கிலேயே எடுக்கவில்லை. கட்டியவள் சுமக்காத ஒருவன் ஏறினாலும் அந்தப் படகு திரும்பாது என்பது அவர்கள் சாஸ்திரம். ஆகவே குற்றம் கட்டியவள்மேல். ஏச்சு பெயராயிற்று, பெயர் கரைக்கு ஒட்டிக்கொண்டது, கரைமேல் கல்துறை எழும்பியபோது அதற்கும் அதுவே பெயர். லீபிக்குத் தலை நரைத்த பிறகு பிறந்த பிள்ளைகள், அது ஒரு மனுஷியின் பெயர் என்று தெரியாமலே அங்கே நண்டு பிடித்தார்கள்.

லீபி தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த லீபி நான்தாங்க, சார். நடக்கவும் இல்ல, நனையவும் இல்ல."

போதகர் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். அவள் நடந்ததை ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

"உங்க படத்துல என் பேரு வேண்டாம், சார். எபன் துறைன்னு போடுங்க. அவனுக்கு ஒரு கல்லறைகூட இல்ல. எங்கயாவது ஒரு எடத்துல அவன் பேரு எழுதியிருக்கட்டும்."

பென்ட்லி நல்லவர். நல்லவர்களுக்குத்தான் விதிமுறை மனப்பாடமாக இருக்கும். "உங்களைத் தவிர ஊர்ல வீடு வச்சிருக்கிற மூணு பேர் கையெழுத்துப் போடணும், அம்மா. அப்பதான் மாத்த முடியும்."

டஃபஸ் போட்டார், புனிதரைக் கைவிட்ட வெட்கத்தில் கொஞ்சம் வேகமாகவே. மர்டோ போட்டார். மற்ற ஆண்களுக்கு ஒரே சமயத்தில் வலை உலர்த்தும் ஞாபகம் வந்து, தொப்பியைத் தேடினார்கள். மிச்சம் இருந்தது கதவருகே கம்பளிச் சால்வைக்குள் உட்கார்ந்திருந்த மெரன்.

"அக்கா," என்றாள் லீபி. "நீ போட்டா போதும்."

"நான் போட மாட்டேன்."

"உன் தம்பி பேருதானே அக்கா?"

"அதான் போட மாட்டேங்கறேன். எபன் துறைன்னு எழுதிட்டா, நாளைக்கு எவனாவது கேப்பான். யாரு எபன், எப்படிச் செத்தான், யாரு முதுகுல போனான்னு கேப்பான்."

"கேக்கட்டுமே."

"உனக்கென்னடி, சொல்லுவ. நீ நனையல!" மெரன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எதுக்கு ஒன்னக் கைகாட்டினேன்னு நெனச்ச? எல்லாரும் ஒம் பாவாடையப் பாத்தா ஏம் பாவாடைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்கன்னுதான். இடுப்பு வரைக்கும் சொட்டச் சொட்ட நின்னேன். ஒருத்தி பாக்கல."

லீபி போய் அவளுக்கு எதிரே இருந்த பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையெழுத்தைப் பற்றி அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"நான் திரும்பி நின்னுட்டேன். அவன் ஏதாவது சொன்னானா, அக்கா?"

மெரன் சால்வை நுனியைத் திருகினாள்.

"கனக்கறேனான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லடா, பேசாம வான்னேன்."

லீபி தலையாட்டினாள். இளம் வயதில் அவனைச் சுமந்த ஒவ்வொரு விடியலிலும் அவளிடமும் அவன் அதைத்தான் கேட்பான். கனக்கத்தான் செய்வான், அவளும் இல்லை என்றுதான் சொல்வாள்.

பென்ட்லி இரண்டு கையெழுத்துகளையும் அடித்துவிட்டு, பழைய பெயரையே மையில் எழுதினார். காரணம் எழுத வரைபடத்தில் இடம் விடுவதில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மெரனின் முட்டி சரியில்லாததால் லீபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடுகள் அடுத்தடுத்துதான். இருவரும் நனைந்துகொண்டே போனார்கள்.