இரண்டு முறை இடம் மாறிய பரண்

அந்த மண்ணிறக் கோட்டு இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் கொளுவியில் தொங்குகிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறேன். முழங்கைப் பக்கம் தேய்ந்துவிட்டது, ஒரு பொத்தான் வேறு நிறம், மற்றபடி நல்ல கோட்டு. அதில் ஓட்டை எதுவும் இல்லை. நான் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டில் ஓட்டை இல்லாததற்காக முருகனுக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டு என் மனைவியுடையது. அதைத் துளைத்திருக்கக்கூடிய துவக்கு என்னுடையது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் நோர்வேயில், ட்வெய்ட்டாவில் ஓர் உயர்ந்த அடுக்குமாடியில் குடியிருந்தோம். எனக்கு லில்லெஸ்ட்ரோமில் ஒரு மரக் களஞ்சியத்தில் வேலை. அங்கே என்னோடு பலகை அடுக்கிய நோர்வேக்காரர் ஒருவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், ஒரு சின்ன வேட்டைக்குழுவுக்குத் தலைவராக இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மான் கதை சொல்லிச் சொல்லியே என்னையும் இழுத்துவிட்டார். எங்கள் ஊர்ப் போரில் துவக்கைக் கீழே வைப்பதைப் பற்றி இந்த நாட்டுக்காரர்கள் போய்ப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நான் இங்கே படித்து, பரீட்சை எழுதி, உரிமம் எடுத்து ஒரு துவக்கு வாங்கினேன். விசர் என்றால் இதுதான் விசர்.

மனைவி கத்தவில்லை. இரும்பு அலுமாரிக்குள் அதை வைத்துப் பூட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடிவந்தனாங்கள். இப்ப அதை வீட்டுக்குள்ளை கொண்டுவந்து வைச்சிருக்கிறியள். வைச்சிருங்கோ. ஆனா இந்த வீட்டிலை அதைப் பற்றி ஒரு கதையும் வேண்டாம். எங்கை போறியள், எதைச் சுட்டனீங்கள், ஒண்டும் எனக்குத் தெரியத் தேவையில்லை."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னாள். "அதோடை, மான் எண்டால் முருகன்ரை மாமியார் வீடு. அங்கை போய்ச் சுட்டுப்போட்டு வந்து என்ரை சாமி அறைப் பக்கம் நிக்கக்கூடாது."

சட்டம் அன்றைக்கே அமலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளாப்பிலே எழும்பி, "வெளியிலை போறன்" என்பேன். "ஓம்" என்று போர்வைக்குள்ளிருந்து சத்தம் வரும். அவ்வளவுதான். எந்தக் காடு, எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

அவளிடமும் ஓர் இரகசியம் இருந்தது. இலையுதிர் காலத்தில் இங்கே காட்டில் தித்தபார் என்று ஒரு சிவப்புப் பழம் காய்க்கும். புளிப்பும் கொஞ்சம் கசப்புமாக இருக்கும். நோர்வேக்காரர் அதைச் சீனி போட்டுக் காய்ச்சி இறைச்சியோடு தின்பார்கள். என் மனைவி அதில் மிளகாய்த்தூளும் வெந்தயமும் கடுகும் போட்டு ஊறுகாய் போடுவாள். வாயில் வைத்தால் களாக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் நிற்கும். ட்வெய்ட்டாவில் பாதித் தமிழர் வீட்டில் அவள் போத்தல் இருந்தது. எல்லோரும் கேட்பார்கள், எங்கே பிடுங்குகிறீர்கள் என்று. "உங்காலை, காட்டுப் பக்கம்" என்பாள்.

இப்படி இடத்தை மறைப்பதை அவள் தான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் பழகினாள். இந்த நாட்டுக்காரர் உங்களுக்குக் காரைக் கடன் தருவார்கள், வீட்டுத் திறப்பைத் தருவார்கள், பழம் பிடுங்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். பனிச்சறுக்கு இன்றுவரை அவளுக்கு வராது. இந்தப் பழக்கம் முதல் வருடமே வந்துவிட்டது. எனக்கும் சொல்லமாட்டாள். "உங்களுக்குச் சொன்னால் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலை போய்ச் சொல்லிப்போடுவியள்." அதுவும் உண்மைதான், சொல்லியிருப்பேன். கீழ்வீட்டு அக்கா ஒருவரிடம் கார் இருந்தது. இரண்டு பேரும் வாளிகளோடு காணாமற் போவார்கள், பின்னேரம் குளிரில் நீலம் பாரித்த விரல்களோடு வருவார்கள்.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் அது தெரியாது.

அந்த வருடம் சீசன் தொடங்கி மூன்று ஞாயிறு போயும் என் கண்ணில் ஒரு மான் படவில்லை. குழுவில் மற்ற எல்லோரும் சுட்டுவிட்டார்கள். என் பரண் ஒரு பழைய வெட்டவெளியின் ஓரத்தில் இருந்தது. ஏணி போல நாலு கால், மேலே ஒரு ஆள் இருக்கப் பலகை, சுற்றி ஒரு கைபிடி. இரண்டாம் கிழமையிலிருந்து அதற்குப் பக்கத்துச் சரிவில் காட்டுச் சொந்தக்காரர் மரம் வெட்டும் இயந்திரத்தை இறக்கிவிட்டார். ஞாயிறு வேலை இல்லைதான், ஆனால் எண்ணெய் மணமும் வெட்டிய மரமும் அங்கேயே கிடந்தன. காற்றும் என் முதுகுப் பக்கமிருந்து வீசத் தொடங்கியது. மானுக்கு மூக்கு இல்லையா என்ன?

"பரணை மாற்றுவோம்" என்று தலைவரிடம் சொன்னேன்.

"சீசன் நடுவில் மாற்றக்கூடாது" என்றார். "பாதை, சுடும் கோணம், எல்லாம் புதிதாகப் பார்க்கவேண்டும். அவசரத்தில் ஏதாவது விடுபட்டுப்போகும்."

நான் விடவில்லை. பலகை அடுக்கும்போது சொன்னேன், கோப்பி குடிக்கும்போது சொன்னேன், கழிவறை வாசலிலும் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கையை உயர்த்திவிட்டார். சரி, சனிக்கிழமை.

சனிக்கிழமை இரண்டு பேருமாகப் பரணைக் கழற்றி, கால்களை வேறாகவும் பலகையை வேறாகவும் தோளில் வைத்து, சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். முழங்கால்வரை சேறு. வழியில் அவர் என் தலையை மோந்து பார்த்து, "இது என்ன?" என்றார். தேங்காய் எண்ணெய். "மூன்று ஞாயிறாக மான் வராத காரணம் கிடைத்துவிட்டது" என்று சிரித்தார். அன்றிலிருந்து வேட்டைக்கு முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டேன்.

புது இடம் ஒரு சின்ன மேடு. முன்னால் பள்ளமும் இளம் ஊசியிலை மரங்களும். பரணைப் பெரிய மரத்தோடு சேர்த்துக் கட்டினோம். தலைவர் மேலே ஏறிப் பார்த்து, இடமும் வலமும் இரண்டு மரங்களில் சிவப்பு நாடா கட்டுவித்தார். இந்த இரண்டுக்கும் இடையில் மட்டும்தான் சுடலாம். புறப்படும்போது ஒரு மஞ்சள் பலகையை என் கையில் தந்தார். 'வேட்டை நடக்கிறது, கவனம்' என்று எழுதிய பலகை. பழைய பாதையின் வாயிலில் ஒன்று ஏற்கனவே இருந்தது. புது இடம் மற்றப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்துக்குக் கிட்ட.

"போகிற வழியில் அங்கே கட்டிவிட்டுப் போ."

"ஓம், ஓம்" என்றேன்.

கட்டவில்லை. மழை பிடித்துவிட்டது, பாரம் தூக்கியதில் முதுகுக்குக் கீழே நாரி விட்டுப்போயிருந்தது, பின்னேரம் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா வேறு. காலையில் வரும்போது கட்டலாம் என்று நினைத்தேன். காலையில் பழக்கத்தில் பழைய பாதையாலேயே வந்து, காரை விட்டு, நடந்து போய்ப் பரணில் ஏறிவிட்டேன். பலகை கார் டிக்கிக்குள் கிடந்தது.

நன்றாக விடிந்து, பள்ளத்திலிருந்து பனிப்புகார் விலகிய நேரம். நாடாக்களுக்கு நடுவில், இளம் மரங்களுக்குப் பின்னால், மண்ணிறமாக ஒன்று அசைந்தது. குனிந்தபடி ஓரடி வந்தது, நின்றது, மறுபடி ஓரடி. மேய்கிற மான் அப்படித்தான் வரும். மூன்று ஞாயிறு காத்திருந்தவன் நான்.

முதலில் தொலைநோக்கியால் பார்க்கவேண்டும். துவக்கிலுள்ள கண்ணாடியால் பார்க்கக்கூடாது, ஏனென்றால் அதால் பார்க்கும்போது துவக்கும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது. நான் துவக்கைத்தான் தூக்கினேன். அதன் பாதுகாப்புப் பூட்டையும் விடுவித்தேன். கண்ணாடிக்குள் மண்ணிற முதுகு தெரிந்தது. தலை தெரியட்டும் என்று காத்திருந்தேன். அந்த ஒரு பாடத்தையாவது மறக்கவில்லை.

மான் நிமிர்ந்தது. நிமிர்ந்து, இடது கையை நாரியில் வைத்து, பின்பக்கமாக வளைந்தது.

அந்தக் கையை எனக்குத் தெரியும். குசினியில், பேருந்து நிறுத்தத்தில், கோயில் வரிசையில், எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்.

பூட்டைப் போட்டேன். தோட்டாக்களைக் கழற்றிப் பைக்குள் போட்டேன், ஒன்று கீழே விழுந்தது. ஏணியில் இறங்கவும் பொறுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே என் தொண்டையில் இருந்த அவ்வளவையும் சேர்த்துக் கத்தினேன்.

"இஞ்சாரும்!"

இரண்டு பெண்கள் திரும்பினார்கள். கீழ்வீட்டு அக்காவும் அங்கேதான் நின்றிருக்கிறார். இரண்டு பேரும் சுற்றிப் பார்த்தார்கள், யாரும் இல்லை. பிறகு வானத்தைப் பார்த்தார்கள். அக்கா "முருகா!" என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். என் மனைவி ஓடவில்லை. வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மேலே பார்த்தாள்.

"நீங்களோ? உங்கை மேலை என்ன செய்யிறியள்?"

"நீர் இஞ்சை என்ன செய்யிறீர்? அக்கா வீட்டை நிப்பன் எண்டெல்லே சொன்னனீர்!"

"அக்காவோடை நிப்பன் எண்டுதான் சொன்னனான். அக்கா உந்தா ஓடுறா. உங்களுக்கு ஆர் சொன்னது இந்த இடம்? பின்னாலை வந்தனீங்களோ?"

இடம் பிடிபட்டுவிட்டதே என்பதுதான் அவளுடைய கவலை. நான் கைபிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. காற்றுக்கு என் மூக்கு அடைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

கையிலிருந்த சின்ன வானொலியில் தலைவரைக் கூப்பிட்டேன். தன் பரணிலிருந்து வேகமாக வந்து சேர்ந்தார். தள்ளிக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், பலகை டிக்கிக்குள் கிடப்பதையும் சேர்த்து. நோர்வேக்காரருக்குக் கோபம் வந்தால் பிசாசைக் கூப்பிடுவார்கள். அவர் நாலு தரம் கூப்பிட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "கட்டினாயா என்று நானும் கேட்கவில்லை" என்றார். "பரண் இன்றைக்கே இங்கிருந்து போகிறது."

இரண்டாம் முறை பரணைத் தூக்க நாலு பேர். திரும்பி வந்த அக்கா கயிறுகளைச் சுமந்தார், என் மனைவி இருக்கைப் பலகையை. நடுவில் தலைவர் அவளிடம் நல்லவிதமாகக் கேட்டார், எந்தெந்தப் பக்கம் பழம் பிடுங்குகிறீர்கள், அதை விட்டுத் தள்ளிக் கட்டலாம் என்று.

"அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம்" என்றாள் நல்ல நோர்வேஜியத்தில்.

தலைவர் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். "சரி, இவர் இந்த ஊர்க்காரர்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குசினித் தொட்டியில் பழத்தைக் கொட்டிக் கழுவத் தொடங்கினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. ஆனால் அந்தக் கோட்டை அவள் வாசலில் கொளுவியதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"இஞ்சை பாரும். நான் கத்தமுந்தி... உமக்கு நேரை பிடிச்சிருந்தனான். மான் எண்டு நினைச்சு."

தண்ணீருக்குள் கை நின்றது.

"எவ்வளவு நேரம்?"

"பத்து எண்ணுற நேரம்."

"பிறகு?"

"நீர் நாரியிலை கை வைச்சீர்."

ஈரக் கையைத் தூக்கிப் பார்த்தாள். "எத்தினை டொக்டரிட்டைப் போனன் இந்த நாரி நோவுக்கு" என்றாள். சிரிக்க வெளிக்கிட்டாள், அது அழுகையாகப் போய்விட்டது. "செல்லடிக்கும் பொம்மருக்கும் தப்பி வந்தனான், கடைசியிலை உங்கடை கையாலையோ?" என்று கேட்டாள். துவக்கை விற்றுவிடுகிறேன் என்றேன். அவள் மிச்சப் பழத்தையும் கழுவி முடித்தாள். அந்தக் கிழமை முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மூடினால் கண்ணாடிக்குள் மண்ணிறம்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அவள் என் வேட்டைப் பையைத் தானே திறந்தாள். அதுவரை அதைக் காலால்கூடத் தொட்டதில்லை. காட்டு வரைபடத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். பேனையால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு இன்னொன்று. ஐந்து வட்டம்.

"கீழ்வீட்டு அக்காவுக்குத் தெரிஞ்சால் என்னைக் கொன்றுபோடுவா" என்றாள். "சங்கத்திலை போய்க் கதைச்சியளோ, பிறகு தெரியும்."

நான் வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனையை என் பக்கம் தள்ளினாள்.

"இப்ப சொல்லுங்கோ. நாளைக்கு நீங்கள் எங்கை இருக்கப்போறியள்?"

துவக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பரண் போய் நின்ற புது இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அவள் தன் கையை விரித்து, பெருவிரலைப் புள்ளியிலும் சின்ன விரலைக் கிட்டவுள்ள வட்டத்திலும் வைத்து அளந்தாள்.

"ஒரு சாண் இருக்கு. இவ்வளவு தூரம் காணுமோ?"

"காணும்" என்றேன். காட்டில் தூரத்திலிருந்தே ஆள் என்று தெரிவதற்காக வேட்டைக்காரர் போடும் என் செம்மஞ்சள் தொப்பியை எடுத்துப்போய் அவளுடைய கோட்டுப் பைக்குள் வைத்தேன். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.