என் இடத்தில் மேலவைக்குப் போனவள்

பட்டாசுக் கம்பெனி வண்டி நாரணாபுரம் விலக்கில் நின்றபோது, எப்போதும் முதல் ஆளாக ஏறுகிற பாக்கியத்தைக் காணவில்லை. அவள் மகன்தான் படியில் கால் வைக்காமல் கீழேயே நின்றான். "அம்மா விடியக்காலம் போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, அம்புட்டுத்தான்" என்றான். வண்டியில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவளைக் கிண்டலடித்தே வயதான வாய் இது.

தொழிலாளர் சங்கத்து மலரில் அவளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான். ஆனாலும் பாக்கியத்தைப் பற்றி வேறொருத்தி எழுதினால் எனக்குப் பொறுக்காது, அதனால் ஒப்புக்கொண்டேன்.

உங்களுக்கெல்லாம் அவள் 'மேலவை பாக்கியம்'. அந்தப் பட்டம் எனக்கு வந்திருக்க வேண்டியது. சென்னையில் சட்டசபையோடு மேலவை என்று இன்னொன்றும் இருந்த காலம் அது. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் குடிதண்ணீரும் ஒதுங்க இடமும் உண்டா என்று ஓர் உறுப்பினர் அங்கே கேள்வி போட்டிருந்தார். நம் பெண்களில் ஒருத்தி போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும் என்று சங்கத்தில் முடிவானது. வாயாடி என்பதால் என்னைத்தான் முதலில் சொன்னார்கள். எனக்கோ நிறைமாதம். பஸ்ஸிலேயே பெற்றுவிடுவாள் என்று மாமியார் மறித்துவிட்டார். பாக்கியம் போனாள். அதுவும் என் நீலச் சுங்குடிச் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். ஆக, என் சேலை மேலவையைப் பார்த்துவிட்டது, நான் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது, அந்த அவையையே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவள் அந்த ஒரு நாளைச் சொன்னாள், சொன்னாள், சாகும்வரை சொன்னாள். வாசலிலேயே வெற்றிலைப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கைதட்டக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாதாம். அவைத் தலைவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்களாம். அப்புறம் கேள்வி நேரம். "கேள்வி இன்னதுன்னே சொல்ல மாட்டாக, நம்பரத்தான் சொல்லுவாக. மந்திரி எந்திரிச்சுப் பதில் படிப்பாரு. பத்தலைன்னா துணைக்கேள்வி. ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசப்பிடாது, எல்லாம் தலைவர் மூலமாத்தான்" என்பாள்.

நம் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தபோது மணி அடித்தது. மணிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து பழகியவர்கள் நாம். இவளும் எழுந்து விறுவிறுவென்று வாசலுக்கு நடந்துவிட்டாள். வெள்ளை உடுப்புப் போட்ட காவலர் மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, சாப்பாட்டு மணி அடித்துவிட்டதே என்றாளாம். அது கேள்வி நேரம் முடிந்த மணி. நம் கேள்வி பட்டியலின் அடியில் கிடந்ததால் யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவே இல்லை. பதிலை மேசையில் வைத்ததாக எடுத்துக்கொள்வார்கள் என்று காவலர் விளக்கம் சொன்னாராம். இதை வைத்து நான் அவளை ஓட்டாத நாள் கிடையாது. உள்ளுக்குள் மட்டும், அந்தக் காவலர் மறித்திருக்க வேண்டியது என்னையல்லவா என்று வெந்துகொண்டிருப்பேன்.

வெடிமருந்து புழங்குகிற இடம் என்பதால் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லோரும் ஒன்றாக உட்காருவது மத்தியானம் புங்கமரத்தடியில்தான். பாக்கியம் அங்கே அவையைக் கூட்டிவிட்டாள், அவளே தலைவர். யாருக்கு என்ன குறை இருந்தாலும் அவள் மூலமாகத்தான் பேச வேண்டும். வரிசையின் கடைசியில் வாய் திறக்காமல் இருப்பவளிடமிருந்துதான் ஆரம்பிப்பாள். ஏன் என்று கேட்டேன். "நம்ம கேள்வி அடியில கெடந்துதானே வீணாப் போச்சு. இங்கன அடியிலருந்துதான் வரணும்" என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். மறுநாள் நான் கடைசியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு சீசனில் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. போர்மேன் அந்தப் பக்கமாக வந்தார். பாக்கியம் சாப்பிட்ட கையைக் கழுவாமலே, தண்ணி எப்ப வரும் என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். "துணைக்கேள்விங்க. எந்த நாளைக்கு?" என்றாள். மரத்தடி முழுவதும் சிரித்தது, போர்மேனும் சிரித்துவிட்டார். சாயங்காலம் தண்ணீர் லோடு வந்தது. அந்தத் துணைக்கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு நாள் என்னைத் தலைவராக உட்கார வை என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். "நீ தலைவரா இருந்தா, ஏ வேலம்மா, உன் வாய அடக்கி உன்னய யாரு உக்கார வைக்கிறது?" என்பாள். கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அவளை எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, மரத்தடியில் எல்லோருமாக என்னைப் பிடித்துத் தலைவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஆசைப்பட்ட இடம்தான். வரிசையின் கடைசியில், வெம்பக்கோட்டையிலிருந்து வாக்கப்பட்டு வந்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் இருந்தாள். அவளைத்தான் முதலில் கேட்கச் சொன்னேன். "மேலவைக்குப் போனது நீங்கதானாக்கும்? அங்கன எப்படி இருந்துச்சு அத்தே?" என்றாள்.

வாசலில் பையை வாங்கியதிலிருந்து மணி அடித்ததுவரை அந்த நாள் எனக்கு மனப்பாடம். பாக்கியத்தைவிட நன்றாகவே சொல்வேன். ஆமாம் என்றால் மறுத்துச் சொல்ல அவள் இல்லை. மற்றவர்களும், இவள் வழக்கமான கூத்து என்று சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது.

"நான் போகல தாயி. பாக்கியம் போனா" என்றேன்.

சொன்னதும் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது, அவள் இருந்தபோது எரிந்த மாதிரியே. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வயிற்றெரிச்சலைத்தான். மலரில் எழுதிவிட்டேன் என்பதற்காக அதில் யாரும் பங்கு கேட்டு வர வேண்டாம்.