அம்மா உயரத்துக்கு ஒரு வாசல்

போன வாரம் ஆபீசில் கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரி ஒரு நாவலைக் கொடுத்தாள். எழுதியவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. "தனியா இருக்கும்போது படிக்காத, டர் லகேகா, பயந்துருவ," என்று பயமுறுத்தினாள், பாதித் தமிழும் பாதித் தீவு இந்தியுமாக. பேய்க் கதை என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மழை பிடித்தால் போர்ட் பிளேரில் எங்கள் ஷாதிபூர் பக்கம் கரண்ட் போய்விடும். பாதி நாள் எங்கள் வாடகை வீடே பேய் வீடுதான்.

ஆனால் இது வேறு மாதிரி. ஒரு வீட்டின் வாசல் நிலைகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகின்றன. இருப்பவர்கள் யாரும் காலி செய்வதில்லை, குனியப் பழகிக்கொள்கிறார்கள். ஒருநாள் வீடே காணாமல் போகிறது. அதன் பிறகு எந்த ஊரில் எந்த வாசலில் நுழைந்தாலும் அவர்கள் குனிகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். இதை எழுதின மனுஷன் எங்கள் அப்பாவை எங்கே பார்த்தார்?

புத்தகத்தில் வேறு ஈர வாடை. நம் தீவில் எந்தப் புத்தகம்தான் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறது? எனக்கென்னவோ நான் வளர்ந்த கட்சால் தீவில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. எத்தனை துவைத்தாலும் அப்பா சட்டையில் அந்த வாடை போகாது. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் வெட்டியவர் அவர். நெட்டை ஆள். அடுப்படியை இழுத்துக் கட்டியபோது அம்மாவை நிற்கவைத்து, அவள் தலைக்கு மேல் நாலு விரல் விட்டு நிலை வைத்தாராம். தானும் அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தலையில் இடி வாங்கின பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் காலடி கேட்டாலே அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "தல, தல."

சுனாமி வந்த காலையில் அப்பா விறகுக்காக மேட்டுக்குப் போயிருந்தார். நான் போர்ட் பிளேரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா வீட்டில் இருந்தாள். வீடும் போயிற்று, அம்மாவும் கிடைக்கவில்லை. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

அப்பாவைக் கப்பலில் இங்கே கூட்டிவந்தேன். ஷாதிபூர் வீட்டு வாசல் நல்ல உயரம். சொன்னால் நம்பமாட்டீர்கள், குனிந்துதான் நுழைந்தார். ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் அப்படியேதான். வீட்டுக்காரப் பெங்காலி அம்மாள் முதுகு வலியா என்று விசாரித்தாள். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"குனியாட்டி அவ ஏசுவா," என்றார், சாதாரணமாக.

அன்றைக்குப் பயந்துபோனேன். பிறகு அதைப் பார்ப்பதற்கென்றே அவர் வரும் நேரத்தில் வாசலுக்கு எதிரே உட்கார ஆரம்பித்தேன். அம்மா எவ்வளவு உயரம் என்பது எனக்கு மறந்தே போயிற்று. அப்பா குனியும்போது மட்டும் தெரியும். அவர் தலை எதுவரை இறங்குகிறதோ, ஏறக்குறைய அதுதான் அம்மா.

இப்போது கொஞ்ச நாளாக அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது. நாவலை மூடிவைத்த அன்று சாயங்காலம், புரோத்ராபூரில் இருக்கும் என் தம்பி வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். வழக்கம்போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்த தலையோடு நேராக உள்ளே வந்துவிட்டார்.

"அப்பா, தல," என்றேன்.

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏன், முடி கலஞ்சிருக்கா?"

சீப்பை எடுத்து வாரிவிட்டேன். அவருக்குப் பின்னால் வாசல் வெறும் வாசலாக இருந்தது. அம்மா எவ்வளவு உயரம் என்று இனி நான் யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்?