சத்தம் போடாத அலமாரிக் கதவு

இன்று தக்கலையில் சமையலறை அலமாரி பார்க்கப் போயிருந்தேன். சமைப்பது நான். தேர்ந்தெடுப்பது, கத்தாரிலிருந்து வீடியோ காலில் வந்த என் வீட்டுக்காரர்.

கடைக்காரர் என் போனை வாங்கி, அவருக்கு ஒவ்வொரு கதவாகக் காட்டினார். கைப்பிடியே கிடையாதாம். தள்ளினால் திறக்குமாம்.

"கொள்ளாம், அதயே போடுங்க" என்றார் இவர்.

"சாளை மீன் கழுவுன கைய வச்சு எப்பிடித் தள்ளதுக்கு?" என்று கேட்டேன்.

"கால்முட்ட வச்சுத் தள்ளலாம்க்கா" என்றார் கடைக்காரர்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது தலைக்கு மேலே மாட்டுகிற அலமாரி.

"வருசத்துல ஒரு மாசம் வந்து நிக்க ஆளுக்கு..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் போனிலிருந்து குரல்: "ஏட்டி, கடையில வச்சு சண்ட போடாத."

வந்த கோபத்தில் பக்கத்திலிருந்த கதவை ஓங்கி அடைத்தேன். அது பாதியில் நிதானித்து, மெல்ல, மரியாதையாகப் போய்ச் சாத்திக்கொண்டது.

"சாஃப்ட் க்ளோஸ்க்கா! எவ்வளவு ஓங்கி அடச்சாலும் சத்தம் கேக்காது" என்றார் கடைக்காரர் பெருமையாக.

"அது கண்டிப்பா வேணும்" என்றது கத்தார்.

ஓங்கி அடைத்தால் கத்தார் வரைக்கும் கேட்கிற கதவு எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள் மக்கா.