அந்த வீடியோவில் நான் நிற்கவில்லை

நீங்கள் காட்டியது பொய், சார். அந்த வீடியோவில் நான் நிற்கவில்லை. இரண்டு பேர் பின்னாலிருந்து என்னைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் என் எதிரில்தான் இருந்தீர்கள்.

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. வீடியோவைப் பார்த்தவர்களுக்கு யாரென்று தெரியும். இதை உங்களுக்காக மட்டும் எழுதவும் இல்லை. காலில் கம்பி போட்டுப் படுத்துக்கொண்டு, போனில் அடுத்தவன் நடப்பதைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் கடலூர் ஓ.டி.காரன் (ஓல்டு டவுன், பழைய ஊர்). சிப்காட் தொழிற்பேட்டையில் பைப் ஃபிட்டராக இருந்துவிட்டு, அதே வேலைக்கு வெளிநாடு போனேன். நிலநடுக்கம் வந்தபோது குவார்ட்டர்ஸில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கட்டில் தானாக நகர்ந்தது. கதவை நோக்கி ஓடினேன். உடம்பு வெளியே வந்துவிட்டது, இடது காலின் மேல் சுவர் விழுந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் என்னோடு இருந்த பலர் வெளியே வரவே இல்லை. அவர்களைப் பற்றி எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

கூடாரம் போட்டு மருத்துவமனை நடத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு பல துண்டாகி, தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. கழுவி, சுத்தம் செய்து, எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டர் (தோலுக்கு வெளியிலிருந்து கம்பிகளை எலும்பில் செலுத்தி அசையாமல் பிடித்துவைக்கும் சட்டம்) போட்டார்கள். காலை எடுக்காமல் விட்டதே பெரிய காரியம். அந்த டாக்டர்கள் தூங்கி நான் பார்த்ததில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது வாரத்தில் நீங்கள் வந்தீர்கள். அந்த மருத்துவ உதவி அமைப்புக்கு நீங்கள் நல்லெண்ணத் தூதர் என்று சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்ததும் வலி மறந்துவிட்டது. உங்கள் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் எடுக்கச் சட்டை கிழிய நின்றவன் நான்.

"எந்த ஊரு தம்பி?" என்றீர்கள்.

"கடலூர் சார்."

"அட, நம்மாளு! சில்வர் பீச்ல ஷூட்டிங் பண்ணியிருக்கேன். மீன் குழம்பு ஒண்ணு குடுத்தாங்க பாரு!"

உங்களோடு வந்தவர்கள், கேமராக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உங்களோடு வந்த ஒருவர் உங்கள் காதில் ஏதோ சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "ஒரு செகண்டு எழுந்து நிக்க முடியுமா? ஊர்ல பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல?"

அங்கிருந்த நர்ஸ் நடுவில் வந்து கையை நீட்டித் தடுத்தார். அவர் பேசியது எனக்குப் புரியாத மொழி. ஆனால் அவர் என் காலைக் காட்டினார், தலையை ஆட்டினார். அது உங்களுக்கும் புரிந்திருக்கும். கேமராக்காரர்கள் அவரிடம் சிரித்துப் பேசி ஓரமாக அழைத்துப் போனார்கள். இரண்டு பேர் என் அக்குளுக்குள் கை விட்டுத் தூக்கினார்கள். பாதம் தரையில் பட்டது. சட்டத்துக்குள்ளே எலும்பு ஒன்றோடொன்று உரசியது எனக்குக் கேட்டது. கேட்டது என்றுதான் எழுதுகிறேன், சரியாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கை என் தோளில் இருந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வீடியோவில் அதன் கீழே பிறகு 'நன்றிக் கண்ணீர்' என்று எழுதிப் போட்டார்கள்.

அந்த வீடியோ எனக்கு முன்னால் கடலூருக்கு வந்து சேர்ந்தது. தெருவே என் மனைவி ஸ்டெல்லாவிடம் போனை நீட்டியிருக்கிறது. 'மூன்றே வாரத்தில் எழுந்து நின்றார்' என்று பாட்டோடு வந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள். போனில் நான் "இன்னும் படுக்கையிலதான் இருக்கேன்" என்று சொன்னபோது, "சும்மா பிகு பண்ணாதீங்க, நாங்கதான் பாத்தமே" என்று சிரித்தாள்.

சென்னை விமான நிலையத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டெல்லா கையில் ஒரு பெட்டி வைத்திருந்தாள். புது ஷூ. நடந்து வருவேன், போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று வாங்கியிருக்கிறாள். காலை மூடியிருந்த துண்டை விலக்கிப் பார்த்தாள். பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவள் அண்ணன் பிரபு சின்னக் கார் ஒன்றை எடுத்து வந்திருந்தான். படுக்க இடமில்லை. "என்ன மச்சான், வீடியோல நின்னுட்டு இப்டி வந்து எறங்குற? தெரிஞ்சிருந்தா ஆம்புலன்ஸ் கொண்டாந்திருப்பேன்ல" என்று கத்தினான். கத்திவிட்டு ஓரமாகப் போய் அழுதான். கடலூர் வரைக்கும் கால் பிரபுவின் நண்பன் மடியில் கிடந்தது. ஒவ்வொரு வேகத்தடையும் எனக்குள் ஏறி இறங்கியது.

சில நாளில் கம்பி நுழையும் இடத்தில் சீழ் வந்தது. குளிர் ஜுரம். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டரம்மா ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புக்குள்ளேயே சீழ் பிடித்து அந்த எலும்பு செத்துப்போவது) என்றார். செத்த துண்டை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்தால் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் புதிய எலும்பை வளர்க்க வேண்டும்.

நான் அவரிடம் நேராகக் கேட்டேன்: "அன்னைக்கு என்ன நிக்க வச்சதாலதான் இப்டி ஆச்சா டாக்டர்?"

"அப்டி நான் சொல்ல மாட்டேன்," என்றார். "தோல் கிழிஞ்ச முறிவு, மண்ணு, தூசி. நிக்காமயே இருந்திருந்தாலும் சீழ் வந்திருக்கலாம். ஆனா அன்னைக்கு அந்தக் கால தரையில வச்சிருக்கக் கூடாது. அத மட்டும் உறுதியா சொல்றேன்."

அதனால் சீழுக்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கூடாரத்தில் என் நரம்பில் ஏறிய மருந்து, நீங்கள் ஊர் ஊராகப் போய் உதவி கேட்டதால் வந்ததாக இருக்கலாம். அதற்கு நன்றி சொல்லவும் தயார். நான் கேட்பது வேறு.

காலைச் சுற்றி வளைய வளையமாக ஒரு கூண்டு போட்டார்கள். இலிசரோவ் (எலும்பை வெட்டி, மெல்ல மெல்ல இழுத்து, இழுத்த இடத்தில் புது எலும்பு வளர வைக்கும் வளையச் சட்டம்) என்று பெயர். தினமும் நான்கு முறை நட்டுகளைக் கால்வாசிச் சுற்று திருப்ப வேண்டும். அதற்கு வேண்டியது பத்தாம் நம்பர் ஸ்பேனர். அந்த ஸ்பேனரை எத்தனை வருஷம் பிடித்திருக்கிறேன்! எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிய டாக்டரம்மா நட்டுகளில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவச் சொன்னார். ஸ்டெல்லாதான் திருப்பினாள்.

"சிப்காட்ல எத்தன நட்ட முடுக்கியிருப்பீங்க? இப்ப ஒங்களயே முடுக்கறேன் பாருங்க."

"மெதுவா முடுக்குடி, மரை போயிடப் போவுது."

"போனா போவுது. வாய் மட்டும் நல்லா ஓடுது."

இப்படிச் சிரித்துக்கொண்டோம் என்றால் எல்லாம் சுகமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். என்னால் ஒரு நிலையில் படுக்க முடியாது. புரளவும் முடியாது. கையும் வாயும்தான் அசையும், அதனால் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். ரயில் போகும்போது கட்டில் லேசாக அதிரும். உடனே கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். இது சிதம்பரம் என்று புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் அன்வர் இருந்தான். லால்பேட்டைக்காரன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், விபத்தில் கால் முறிந்து என் பழைய சட்டம் போலவே அவனுக்கும் போட்டிருந்தார்கள். நல்ல பையன், வாய் ஜாஸ்தி. என் கூண்டைப் பார்த்து "மாமா காலுக்கு டிஷ் ஆன்டெனா வச்சிருக்காரு, சேனல் தெரியுதா மாமா?" என்பான்.

ஒரு நாள் காலையில் எனக்கு டிரெஸ்ஸிங் முடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்வர் தரையில் கிடந்தான். அவன் மனைவியின் தம்பி ரஃபீக் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். யாருக்கும் சொல்லாமல் கட்டிலை விட்டு இறங்கி அன்வர் எழுந்து நின்றிருக்கிறான். இரண்டு கம்பிகள் எலும்பிலிருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டன. மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

அவன் உள்ளே இருந்தபோது ரஃபீக் என்னிடம் போனை நீட்டினான். "இதப் பாத்துதான் மச்சான் எறங்குனாரு, மாமா. 'இந்த ஆளு பூகம்பத்துல மாட்டி மூணே வாரத்துல நிக்கிறாரு, நீ ரெண்டு மாசமா படுத்துக்கினு கெடக்குற மச்சான்'னு நாந்தான் காலைல கிண்டல் பண்ணேன்."

போனில் உங்கள் கை என் தோளில் இருந்தது.

"அந்த ஆளு நாந்தான்," என்றேன்.

ரஃபீக் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சும்மா இருங்க மாமா. அவுரு எப்டி கும்முனு இருக்காரு. ஒங்களுக்குத் தாடியும் கூண்டும்தான் இருக்குது."

"படத்துல போட்டிருக்கிற அந்தச் சட்ட எங்க வீட்ல கொடியில தொங்குது," என்றாள் ஸ்டெல்லா. "எடுத்தாந்து காட்டணுமா?"

அவன் முகம் மாறிவிட்டது. "அப்ப நிக்கிறது?"

"நிக்கலப்பா. பின்னால ரெண்டு பேரு தூக்கிப் புடிச்சிருக்காங்க. அவுங்க கை படத்துல தெரியாது."

ரஃபீக் வீடியோவை மறுபடியும் ஓட்டினான். என் அக்குளுக்குப் பக்கத்தில் சட்டை கசங்கி மேலே ஏறியிருப்பதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்வரிடம் மறுநாள் நானே சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "இத ஊரக் கூட்டிச் சொல்லியிருக்கலாம்ல மாமா?"

எந்த ஊரைக் கூட்டுவது? என் குரல் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் கேட்கும். உங்கள் குரல்தான் சார் ஊருக்கே கேட்கும். உங்கள் அமைப்புக்கு இரண்டு முறை எழுதினேன். 'உங்கள் மன உறுதி எங்களுக்கு ஊக்கமளிக்கிறது' என்று இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது.

என்னைப் போல் படுத்திருப்பவர்களே, உங்களிடம் ஒன்று சொல்கிறேன். எப்போது நிற்பது என்பதை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரிடம் மட்டும் கேளுங்கள். மச்சானிடம் கேட்காதீர்கள், போனிடம் கேட்காதீர்கள். கம்பி நுழையும் இடம் சிவந்தாலோ நீர் கசிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவன் உங்களுக்கு முன்னால் எழுந்தால் எரிச்சல் வரும். வரட்டும். எரிச்சலோடு படுத்திருங்கள்.

நான் உண்மையாக நின்றது சிதம்பரத்தில், பிசியோதெரபி ஹாலில், கூண்டோடு, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பாதி எடைதான் போடலாம் என்றார்கள். தரை குளிர்ந்திருந்தது. பாதத்தில் குளிர் தெரிந்ததே பெரிய ஆச்சரியம். யாரும் கைதட்டவில்லை. ஸ்டெல்லா சாப்பாட்டு டப்பா கழுவப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். "நின்னேன்டி" என்றேன். "ஏற்கெனவே ஒரு தபா நம்பி ஏமாந்தவ நான். எங்க, மறுபடி நில்லுங்க, கண்ணால பாக்கறேன்" என்றாள். நின்று காட்டினேன். அந்த ஷூ பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். கூண்டு இன்னும் காலில்தான் இருக்கிறது. ஓ.டி.யில் லாரி போனால் இப்போதும் கை கட்டிலைத் தேடுகிறது. முன்பெல்லாம் ஷிஃப்ட், லீவு, சம்பள நாள் என்று நாள் ஓடும். இப்போது எக்ஸ்ரேயில் புது எலும்பு புகை மாதிரி வெளுப்பாகத் தெரிகிறது. அது கெட்டிப்படும் வேகம்தான் என் வேகம். அதை யாராலும் முடுக்க முடியாது. நானும் எவ்வளவோ கத்திப் பார்த்துவிட்டேன், என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. நான்தான் அதன் பேச்சைக் கேட்கிறேன். அன்வரின் காலும் அப்படித்தான். அவனுக்கு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

அந்த வீடியோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று யாரோ ஒருவன் அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்குவான்.

நீங்கள் என்னிடம் தனியாகப் பேச வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். அதே கேமரா முன்னால் உட்காருங்கள். அந்த வீடியோ போன இடமெல்லாம் போகும்படி பதில் சொல்லுங்கள். அன்று அந்த நர்ஸ் வேண்டாம் என்று தடுத்தாரா இல்லையா? என் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் யாருடையவை?