கூண்டுக் கட்டையைத் தடவும் விரல்

எனக்குப் பிடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. கணவனைக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் பெண்ணுக்கு அதில் வசனமே அதிகமில்லை. கூண்டுக் கட்டையை ஒற்றை விரலால் தடவியபடி நிற்பாள், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசப் பேச, 'சரிதானே ஐயா' என்று நானே தலையாட்டிவிடுவேன். அப்போது அவள் விரல் நிற்கும். உடனே அவள் பக்கம் தாவிவிடுவேன். எத்தனை தடவை பார்த்தாலும் இப்படித்தான் கட்சி மாறுகிறேன்.

போன மாதம் நானே சாட்சிக்கூண்டில் ஏற வேண்டி வந்தது. வட்டவளைப் பக்கம் ஒரு வளைவில், என் மனைவியின் தம்பி ஓட்டிய ஆட்டோவும் ஒரு வேனும் மோதிக்கொண்டன. பிழையான பக்கத்தில் ஓட்டியதாக மச்சான்மேல் வழக்கு. தோற்றால் லைசன் போய்விடும்; ஆட்டோ ஓடாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. பின்சீட்டில் இருந்த ஒரே ஆள் நான்.

பயிற்சி எடுக்கிறேன் பேர்வழி என்று முதல் நாள் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

கோர்ட்டு வராந்தாவில் வேன்காரர், உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் விளிம்பை ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஐயோ, இந்த மனுஷன் அப்பாவியல்லவா! உள்ளே போனால், மச்சான் பிடரியைச் சொறிந்துகொண்டு திருட்டு முழி முழிக்கிறார். எனக்குத் தலை சுற்றியது. அன்றைக்கு நான் இருந்தது யாருடைய வண்டியில்?

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிங்களத்தில் மெல்லக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“பனிமூட்டத்துல ரோட்டே தெரிஞ்சிருக்காதே?”

“தெரியலைங்க.”

“அப்ப வலப்பக்கம் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியாதுதானே?”

என்ன நயமான குரல்! என் தலை தானாக ஆடப் பார்த்தது. குனிந்தால், என் விரலும் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. பதறிக் கையை இழுத்தேன். சட்டைக் கை கண்ணில் பட்டது. அப்போதுதான் மூளை வேலை செய்தது.

“இல்லைங்க, எடப்பக்கம்தான் போச்சு. ஆட்டோவுல மழைத்துணி கட்டல. வேன் முட்டுற வரைக்கும் ஓரத்துத் தேயிலைச் செடி என் எடது கையில ஒரசிக்கிட்டே வந்துச்சு. சட்டைக் கை தொப்பலா நனைஞ்சு போச்சுங்க.”

முழங்குவதற்காக ஒத்திகை பார்த்த குரல் பூனைக் குரலாகத்தான் வந்தது. நீதவானுக்கு அது போதுமாக இருந்தது. மச்சானை விட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சானை உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிவில் அந்தப் பெண் விடுதலையானதும் வழக்கம்போல் என் கண் கலங்கியது.

“அந்தம்மாதான் கொன்னுருக்கு” என்றார் மச்சான்.

“என்ன மச்சான் சொல்றீங்க? கோர்ட்டே விட்டுருச்சே!”

“விடட்டுமே. நானும்தான் கூண்டுல நின்னேன். பயத்துல பிடரிதான் அரிச்சுச்சு. இது பாருங்க, எவ்வளவு அழகா நிக்குது!”

முதலிலிருந்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை.